வியாழக்கிழமைச் சுண்டல்

ஆனி 2, ஞாயிறு

படித்துறையில் அமர்ந்து, வருகின்ற புனலையும் போகின்ற புனலையும் ஒரே கண்ணால் நோக்கும் ஆனைமுகத்து ஐயனே, உன் தாள் பணிந்து இக்குறிப்பைத் தொடங்குகிறேன். எழுதுவன மெய்யாக இருக்க அருள்வாய். மெய்யல்லாதது என் பேனாவில் வந்துவிட்டால், அதை நேர்செய்யும் பொறுப்பும் உன்னுடையதே.

திருச்சியின் மேற்கு எல்லையில், ஈரோட்டு ரயில்பாதைக்கும் காவிரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது எங்கள் வாகீசர் நகர். வாழைத்தோப்பாக இருந்ததை மனை பிரித்த இடம். கடைசித் தெரு முடிகிற இடத்தில் படித்துறை. அதன் தலைமாட்டில் பிள்ளையார். அவருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட மண்டபம். ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் ஞாயிறு மாலைதோறும் அம்மண்டபத்தில் அடியார் வரலாற்றைப் பாடிப் பொருள் விரித்து வருகிறேன். முதற்பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு முடியும்வரை முகத்தில் கத்தி படுவதில்லை என்று பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டேன். பாதிக்குச் சற்றுக் குறைவாக நடந்திருக்கிறது. தாடி மார்பைத் தொட்டுவிட்டது. மீசை உதடுகளை மூடிவிட்டது.

"ஐயா, சாம்பார் எந்த வழியாத்தான் உள்ள போகுது?" என்று நகர்ச் சங்கச் செயலாளர் தையல்நாயகி இன்றும் கேட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். யாரிடமும் அவருக்குப் பயமில்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார். மூன்றாம் தெருவுக்குக் குடிவந்திருக்கும் சௌரிராஜன் என்பவர் வியாழக்கிழமைகளில் கண்ணன் கதை சொல்லப்போகிறாராம். மனைவியை இழந்தவர். ஏதோ பள்ளியில் ஆசிரியராக இருந்தவராம்.

"நல்லது. மண்டபம் பொதுச்சொத்து" என்றேன்.

என் மனைவி மட்டுவார்குழலி வழக்கம்போல் பின்தூணில் சாய்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி 6, வியாழன்

மரியாதைக்காகப் போனேன். ஒரு பாட்டு இல்லை, ஒரு மேற்கோள் இல்லை. வெண்ணெய்ப் பானையை எட்டுவதற்குக் கண்ணன் உரலின்மேல் ஏறிய கதையை, அம்மனிதர் வாயை அகல விரித்து, கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார். கைகள் சும்மா இருக்கவில்லை. புருவங்களும் இருக்கவில்லை. கூத்துக்காரர்கள்கூட இதைவிட அடக்கமாக இருப்பார்கள்.

குழலி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பூக்கூடை வீட்டிலேயே கிடந்தது.

ஆனி 7, வெள்ளி

நேற்றைய நைவேத்தியத்துக்கு அவள் செய்தது கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காயும் மாங்காயும் கீறிப் போட்டு. என் ஞாயிறுகளுக்குப் பாசிப்பயறு. இதில் எழுத ஒன்றுமில்லை.

ஆனி 13, வியாழன்

இன்றும் முதல் வரிசை.

பக்கவாட்டில் உட்கார்ந்து கவனித்தேன். கதையை நான் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சௌரிராஜன் முகத்திலிருந்து அவள் கண் எடுக்கவில்லை. இமை தாழ்ந்ததாகக்கூடத் தெரியவில்லை. அவர் சிரிக்குமுன் இவள் சிரிக்கிறாள். அவர் இடப்புறம் திரும்பினால் இவள் தலையும் இடப்புறம் சாய்கிறது. கர்ப்பக்கிருகத்தில் திரை விலகும்போது பக்தர்கள் இப்படிப் பார்ப்பார்கள். மாலையும் கழுத்துமாக என் அருகில் உட்கார்ந்திருந்த நாளில் அவள் தரையைத்தான் பார்த்தாள்.

பொறாமை என்பது அறிவிலிகளின் நோய் என்று போன மாதம்தான் இதே மண்டபத்தில் நீளமாகப் பேசினேன். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. சௌரிராஜனுக்கு வேட்டி கட்டத் தெரியவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

ஆனி 17, திங்கள்

கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதில்லை. காலையில் பூஜை அறையிலிருந்து விபூதி மடல் கேட்டேன்; பதிலில்லை. மறுபடி கேட்டேன், பதிலில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் அடுக்களையில் நின்று ஜன்னல் வழியாக மூன்றாம் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்து, பருப்பு அடிப்பிடித்த வாசனை கூடம் வரை வந்துவிட்டது. வாசல் மணியைப் பால்காரர் நெடுநேரம் அடித்தும் நான்தான் போய்த் திறந்தேன்.

மனம் ஓரிடத்தில் இருந்தால் அல்லவா காது ஓரிடத்தில் இருக்கும்!

ஆனி 20, வியாழன்

நான் போகவில்லை. அவள் போனாள்.

ஆனி 22, சனி

இன்று நதி வந்தது.

அணை தாமதமாகத் திறந்த ஆண்டு. முக்கொம்பைத் தாண்டிவிட்டது என்று தையல்நாயகிக்குப் போன் வந்ததும் நகரமே கரையில் கூடிவிட்டது. பெண்கள் மஞ்சளும் குங்குமமும், ஆண்கள் தேங்காயும் கற்பூரமும். புதுநீரை வெறுங்கையோடு எதிர்கொள்வதில்லை என்பது இங்குள்ளோர் வழக்கம். வெயிலில் வெந்து கிடந்த மணலில் முதலில் ஒரு கருங்கோடு தெரிந்தது, பிறகு நுரை, சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு, ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டம் வருகிற மாதிரி ஓர் இரைச்சல். அவ்விரைச்சலைக் கேட்க ஆண்டு முழுவதும் காத்திருக்கிறேன்.

குழலி கீழ்ப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்றாள். மணமான புதிதில், "ஆத்துச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரலைங்க" என்று குறைப்பட்டுக்கொண்டவள் அவள்.

"குழலி! தண்ணி வருது பார்!" என்றேன். அசையவில்லை. மீண்டும், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழைத்தேன். அசையவில்லை. அவளுக்கு எதிரே நின்ற சௌரிராஜன் கையைத் தூக்கி மேற்கைக் காட்டினார், அவ்வளவுதான். உடனே திரும்பினாள். முகமெல்லாம் மலர்ச்சி. "வந்துட்டாளா!" என்று கும்பிட்டாள்.

நான் உடைத்த தேங்காய் சில்லுச் சில்லாகப் போயிற்று. தேங்காயில் குறையில்லை. கையில் அவ்வளவு வேகம்.

ஆனி 25, செவ்வாய்

தையற்கடைக்குப் போய் வருகிறேன் என்று காலையில் கிளம்பியவள் உச்சிப்பொழுது கழிந்து வந்தாள்.

சாயங்காலம் தையல்நாயகி வேலியருகே நின்று, "என்னங்கய்யா, அம்மாவும் சௌரிராஜன் சாரும் ஜங்ஷன்ல கரும்புச்சாறு குடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் பஸ்ல போறேன், கை காட்டுறேன், கண்டுக்கவே இல்லை! உங்களை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாங்க?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சர்க்கரை என்று கரும்புச்சாற்றை நிறுத்தியவள் அவள்.

"தைக்கக் கொடுத்தது என்னவாயிற்று?" என்று குழலியிடம் கேட்டேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆமாங்க, வெயில் ஜாஸ்திதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

பதில் சொல்ல மனமில்லாதவர்கள் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆனி 26, புதன்

இன்று முதல் மௌன விரதம். ஞாயிறு மாலைப் பாராயணத்துக்கு மட்டும் விலக்கு. விரதம் ஐயனுக்கு. ஆனால் அது குழலிக்கும் உறைக்கட்டும்.

ஆனி 29, சனி

என்ன எழுதுவது! நான் பேச்சை நிறுத்தியதும் அவளுக்கு உயிர் வந்துவிட்டது.

மோர் வேண்டுமென்றால் எதிரே போய் நின்று கையைக் குவித்துக் காட்டுகிறேன். சாதம் போதுமென்றால் தலையை ஆட்டுகிறேன். உறக்கம் வருகிறதென்றால் கன்னத்தில் கை வைக்கிறேன். சொன்ன நொடியில் எல்லாம் நடக்கிறது. பல மாதங்களாக ஊமை போலிருந்தவள் வாய் ஓயாமல் பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பூனை ஈன்றது, வாழைத்தார் விலை, சின்ன வயதில் ஆற்றில் கொலுசைத் தொலைத்தது எல்லாம் சொல்கிறாள். நான் புருவத்தை உயர்த்தினால் சிரிக்கிறாள். நேற்று என் இலைக்கு எதிரே உட்கார்ந்து, "இப்படியே இருங்களேன், நல்லாயிருக்கு" என்றாள்.

நாற்பது வருடங்களுக்கு மேல் பேசியிருக்கிறேன். என் வாய் மூடியதுதான் அவளுக்கு விழா.

ஆனி 30, ஞாயிறு

மண்டபத்தில் பாடினேன். கண்ணை மூடித்தான் பாடுவேன். பாட்டு அப்போதுதான் உள்ளிருந்து வரும். ஓர் இடத்தில் கண் திறந்து பார்த்தேன். பின்தூணில் அவள். கையில் பூ. தலை குனிந்திருந்தது. என்னை அவள் பார்க்கவே இல்லை.

விரதத்தை இன்றோடு முடித்தேன். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

ஆடி 2, வியாழன்

கொண்டைக்கடலை.

ஆடி 4, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மாலையில் கரைமேல் நடந்துகொண்டிருந்தேன். நாவல் மரத்தடிச் சிமென்ட் பலகையில் சௌரிராஜன் தனியாக இருந்தார். ஆடிக்காற்று அவர் வேட்டியை அவிழ்க்கப் பார்த்தது; அவர் இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடந்துபோய்விடலாம் என்றுதான் இருந்தேன். கால் நின்றுவிட்டது.

"உட்காருங்க ஐயா" என்றார்.

"உட்கார வரவில்லை. ஒன்று கேட்கவேண்டும். என் வீட்டுக்காரி உங்கள் முகத்தில் அப்படி என்னத்தைத் தேடுகிறாள்?"

எவ்வளவு கீழ்மையான கேள்வி என்பது கேட்ட பிறகு தெரிந்தது. அவர் கோபித்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். ஆற்றைப் பார்த்தபடி, "வார்த்தையைத் தேடுறாங்க, ஐயா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நான் எந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தேன்னு நீங்க ஒருநாளும் கேட்கலையே" என்றார். "காது கேளாத பிள்ளைங்க பள்ளிக்கூடம். முப்பது வருஷம். அதனாலதான் எங்கே போனாலும் வாயை இப்படித் திறந்து திறந்து பேசுறேன். என் சம்சாரம்கூடக் கேலி பண்ணுவா. எதிரே ஒருத்தங்க உதட்டைப் பார்த்தாங்கன்னா எனக்கு உடனே தெரிஞ்சுடும்."

நான் பலகையில் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. இப்பவே அதிகமாச் சொல்லிட்டேன். அன்னிக்கு ஜங்ஷனுக்குப் போனது ஆஸ்பத்திரிக்குத்தான். மீதியை வீட்டுல தெரிஞ்சுக்குங்க. முதுகுப் பக்கமா நின்னு ஒரு தடவை கூப்பிடுங்க. அப்புறம் முன்னால வந்து நின்னு கூப்பிடுங்க."

கிளம்பும்போது, "உங்க மேல எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, ஐயா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி 5, ஞாயிறு

காலையில் அடுக்களையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று அழைத்தேன். பிறகு, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரலில் அழைத்தேன். வேலியோரப் பூனை ஓடியது. அவள் கை நிதானமாகப் பூவிலிருந்து கள்ளன் என்கிற நரம்பை உருவிப் போட்டுக்கொண்டிருந்தது.

முன்னால் போய் நின்று, "குழலி" என்றேன்.

நிமிர்ந்தாள். அவள் பார்வை என் கண்ணிலிருந்து இறங்கி, மீசைக்கு வந்து, அங்கேயே நின்றது. பூட்டிய வீட்டு வாசலில் விருந்தாளி நிற்பது போலிருந்தது. பிறகு, எப்போதும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. எதற்கும் பொருந்துகிற சிரிப்பு அது.

இரண்டு விரல்களால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "எப்போதிலிருந்து?" என்றேன்.

வாழைப்பூவைக் கீழே வைத்தாள். "அவர் சொல்லிட்டாரா?"

"எப்போதிலிருந்து?"

"போன வருஷம் கார்த்திகைக்குக் கொஞ்சம். தையிலேர்ந்து நெறைய. இப்ப ஆத்துச் சத்தமும் போயிடுச்சு. தண்ணியில காலை வச்சாத்தான் அவ வந்திருக்கான்னு தெரியுது."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" மீசையைப் பிடித்த விரல் நழுவிவிட்டது. மறுபடி சொல்லவேண்டியிருந்தது.

"எப்படிச் சொல்றது? மைக் வைக்கலாம்னு தையல்நாயகி சொன்னதுக்கே ரெண்டு நாள் சாப்பிடலை நீங்க. எனக்குக் கேக்கலைன்னா மண்டபத்துல கத்துவீங்க. கத்தினா உங்க பாட்டு கெட்டுப்போயிடும். இல்லாட்டி, இவளுக்குக் கேக்காததை யாருக்குப் பாடறதுன்னு விட்டுடுவீங்க. ரெண்டும் எனக்கு வேண்டாம்."

பிறகு நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் மெய்யாக எழுதுவதாக ஐயனுக்கு வாக்களித்திருக்கிறேன். "அவருக்கு முதல் வரிசை. எனக்கு மட்டும் பின்தூணா?" என்று கேட்டேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அட, இதுக்கா பத்து நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க? அவர் கதை எனக்குத் தெரியாதுங்க. பக்கத்துல உக்காந்து வாயைப் பாத்தாத்தான் புரியும். உங்க பாட்டு அப்படியா? எந்த அடியில நிறுத்துவீங்க, எங்க மூச்சு வாங்குவீங்க, எந்த இடத்துல தொண்டை கம்மும், எல்லாம் எனக்குத் தெரியும். தூண்ல சாஞ்சுக்கிட்டுக் கண்ணைப் பூவுல வச்சுக்கிட்டே நான் உள்ளுக்குள்ள ஓட்டிக்குவேன். நீங்க முடிக்கும்போது நானும் முடிச்சிருப்பேன். ஒருநாளும் தப்பினதில்லை."

வாழைப்பூவை எடுத்துக்கொண்டாள். "பேச்சுதான் புரியலை. மீசை மறைக்குது. நேர்ந்துக்கிட்டதாச்சே, அதனால சொல்லலை" என்றாள்.

பாசிப்பயறு பற்றிக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: "கொண்டைக்கடலை உங்க வயித்துக்கு ஆகாது."

ஆடி 8, புதன்

ஆவணியில் காதுக்குக் கருவி வருமாம். ஓரளவே பயன்படும் என்று மருத்துவர் சொன்னாராம். என்னைக் கூட்டிப்போகாமல் அதைக் கேட்டுவந்திருக்கிறாள்.

பிள்ளையார் முன் நெடுநேரம் நின்றேன். கடைசிப் பாட்டு வரை என்று உன்னிடம்தானே சொன்னேன்? பாதிகூட ஆகவில்லை. வாக்குத் தவறினால் என்ன ஆகும் என்று நானே எத்தனை கதை சொல்லியிருக்கிறேன்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் தும்பிக்கைதான் வாயை மறைக்கிறது.

ஆடி 12, ஞாயிறு

பாடினேன். மனம் பாட்டில் இல்லை. மீசையில் இருந்தது.

ஆடி 15, புதன்

இவ்வாண்டு ஆடிக்காற்று மிகக் கடுமை. தாடி பறந்து வாயிலும் கண்ணிலும் விழுகிறது. சோறு உண்ண முடியவில்லை. ஆகவே காலையில் படித்துறையில் உட்கார்ந்து, நாவிதர் முனியாண்டியை வரவழைத்து, மீசையையும் சேர்த்து முழுவதும் எடுத்துவிட்டேன். முதல் கத்திக்கு முன் பிள்ளையாரிடம், நேர்த்தி தவறியதற்குரிய தண்டனை எதுவானாலும் என் மேல் மட்டும் வரட்டும், வீட்டாரைத் தொடக்கூடாது என்று விண்ணப்பித்துக்கொண்டேன். முடியைக் காவிரி கொண்டுபோனாள்.

வழியில் தையல்நாயகி, "யாரு இந்தப் புதுப் பையன்?" என்றார். பிறகு அருகில் வந்து, "ஐயா! வேண்டுதல் பாதியில நிக்குதே, சாமி கோச்சுக்காதா?" என்றார்.

"அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு" என்றேன்.

குழலி கதவைத் திறந்தாள். நான் எதுவும் சொல்லுமுன் முந்தானையால் என் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். சின்னக் கீறல் ஒன்று இருந்ததாம்.

"பசிக்கிறது" என்றேன், மெதுவாக, குரலே எழுப்பாமல்.

"தோசை வார்த்துட்டேன், வாங்க" என்றாள்.

ஆடி 18, சனி

பெருக்கு நாள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. படித்துறை முழுக்கப் பெண்கள். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி. ஆண்டுதோறும் காவிரி வாழ்த்தை நான் பாடவேண்டும். அப்போது காவிரியை நோக்கியே நிற்கவேண்டும் என்பது முறை. தாயைப் பாடும்போது தாய்க்கு முதுகு காட்டுவது எப்படி?

இன்று காட்டினேன்.

"ஐயா, ஆறு அந்தப் பக்கம்!" என்று தையல்நாயகி கத்தினார். கரையே சிரித்தது.

"தெரியும்" என்றேன்.

குழலி பெண்களுக்கு நடுவே ஈரப்புடவையோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து, கண் திறந்தபடியே தொடங்கினேன். முதற்பாட்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதன் நடுவில், அறுபது ஆண்டாகப் பாடிய அடி, சுவடில்லாமல் மறைந்துவிட்டது. கண்ணை மூடினால் வந்திருக்கும். மூட மனமில்லை. பின்னால் நீர் இரைந்துகொண்டிருந்தது. பெண்கள் விளக்கோடு காத்திருந்தார்கள்.

அப்போது அவள் உதடுகள் அசைந்தன. ஓசையில்லை. அசைவு மட்டும். கையிலிருந்த விளக்கைப் பார்த்தபடி என்னோடு கூடவே உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவள், நான் நின்றது தெரியாமல், அடுத்த அடிக்குப் போய்விட்டாள். அதைப் பார்த்தேன். பார்த்துப் படித்தேன். படித்ததைப் பாடினேன்.

நான் சற்று மூச்சு வாங்கியதாகவே எல்லோரும் நினைத்திருப்பார்கள். சௌரிராஜன் மட்டும் குனிந்து, தம் காலருகே ஓடிய நீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கரையில் எல்லோருக்கும் சித்திரான்னம் பரிமாறினாள். அவர் இலையில் தேங்காய்ச் சாதம் இரண்டாம் முறையும் விழுந்தது. கவனித்தேன். நாளை என் பாராயணத்துக்கு முதல் வரிசையில் எனக்கு எதிரே உட்காரச் சொல்லி அவரை அழைத்துவிட்டும் வந்தேன். அங்கிருந்தால் பின்தூணிலிருக்கும் அவளுக்கு அவர் முதுகுதான் தெரியும்.

ஐயனே, நேர்செய்ய வேண்டியதை நேர்செய்தாய். மிச்சமும் உன் பொறுப்பே. இக்குறிப்பை என்றேனும் எடுத்துப் படிப்பவர் யாராயினும், அவர் மனையில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்கட்டும். அவர் கிணற்றில் நீர் வற்றாதிருக்கட்டும். அவர் அழைத்தால் ஏன் என்று கேட்க ஒருவர் எப்போதும் இருக்கட்டும். குரல் எட்டாத நாள் வருமாயின், அன்று முகம் எட்டட்டும். அவரும் அவர் இல்லத்தாரும் நீடு வாழ்க.